செவ்வாய்க் கோளில் பிறக்கும் பிள்ளைகள் எங்களைப் போல இருப்பார்களா?

முறிகண்டியான்:

யூரியூப்பைத் திறந்தால் இப்போது செவ்வாய்க் கதைதான். ஆயிரம் வருடம் போனால் அங்கே வாழும் மனிதர் எட்டடி உயரம், முட்டை மாதிரிக் கண், குச்சிக் கால் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். இடம் மாறினால் உடம்பு தானாகவே அந்த இடத்துக்குப் பொருந்திக்கொள்ளும் என்ற நினைப்பு அந்தப் படங்களுக்குள் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று எழுதுகிறேன், விசயம் தெரிந்தவர்கள் வந்து சேருங்கள்.

புது இடம் ஒரு சனத்தை எப்படி மாற்றும் என்று பார்க்க வன்னியை விட்டு வெளியே போகத் தேவையில்லை. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936-ல் தொடங்கியது. அதற்குச் சற்று முன், 1934–35-ல், இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோயிருந்தது. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி தெற்கே விழுந்தது. வன்னிக் காட்டிலோ மலேரியா வருடம் தவறாமல் வருகிற வியாதி. யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்ட வந்த குடும்பங்கள் அதற்குள்தான் வந்து இறங்கின.

மலேரியா நெடுங்காலம் குடியிருந்த நாடுகளில் எல்லாம் தலசீமியா, ஜி6பிடி குறைபாடு என்ற பரம்பரை இரத்தக் கோளாறுகள் கூடுதலாக இருக்கும். எங்கள் தீவிலும் உண்டு. தலசீமியாப் பரம்பரையலகு (ஜீன்) ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால், பிள்ளை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டி வரலாம். இப்படிப்பட்ட ஒன்று ஏன் பரவியது? உடம்பு மலேரியாவைப் 'பழகிக்கொண்டதால்' அல்ல. அது இல்லாத குழந்தைகள் கூடுதலாகச் செத்தார்கள், இருந்தவர்கள் தப்பி வளர்ந்து பிள்ளை பெற்றார்கள், அவ்வளவுதான். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது, தலசீமியா இன்னும் இருக்கிறது.

அதனால் செவ்வாயைப் பற்றிக் கேட்க வேண்டியது இதுதான்: அங்கே எவர் பிள்ளை பெறாமல் சாவார், எவருக்குப் பிள்ளை தங்காது? கூர்ப்பு, அதாவது தலைமுறை தலைமுறையாக வரும் பரிணாம மாற்றம், அந்த வழியால்தான் வரும்.

ஒட்டுசுட்டான் தம்பி:

அண்ணை, நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். செவ்வாயில் ஈர்ப்பு புவியின் 38 வீதம்தானே. எலும்புக்குப் பாரம் குறைவு. அப்படியானால் அங்கே வளருகிறவரின் எலும்பு மெலியும், உயரமும் கூடும். அவருடைய பிள்ளைக்கு இன்னும் மெலியும், பேரப்பிள்ளைக்கு அதிலும் மெலியும். யாரும் சாகாமலே மாற்றம் வரும்தானே?

மல்லாவி ரீச்சர்:

தம்பி, நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி. விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 வீதம் வரை தேய்கிறது. முள்ளந்தண்டு நீண்டு சில சென்ரிமீற்றர் உயரமும் கூடும். புவிக்குத் திரும்பியதும் உயரம் பழையபடி இறங்கிவிடும், எலும்பு மீள நெடுநாள் எடுக்கும்.

இரண்டாவது பாதிதான் பரீட்சையில் புள்ளி குறைக்கும் இடம். தகப்பனின் எலும்பு மெலிந்தது அவருடைய விந்துக் கலத்தில் எழுதப்படுவதில்லை. செவ்வாயில் பத்துத் தலைமுறை வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளையை, கரு உண்டான நாளிலிருந்தே கிளிநொச்சியில் வளர்த்தால், அதன் எலும்பு எங்கள் பிள்ளைகளின் எலும்பு மாதிரியே உறுதியாக வரும். இடையில் இயற்கைத் தேர்வு, அதாவது சிலர் சாக, தப்பியவர் மட்டும் பிள்ளை பெறுவது, நடந்திருந்தால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். ஆக, ஒரே ஆளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அவர் உடம்பு எப்படி வளர்ந்தது என்பது ஒன்று. அவர் பரம்பரைக்கு எதைக் கொடுக்கிறார் என்பது மற்றது. இணையத்துப் படங்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்புகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 38 வீத ஈர்ப்பில் மனித உடம்பு என்ன செய்யும் என்பதற்கு அளந்த தகவல் ஒன்றும் இல்லை. விண்வெளி நிலையத்தில் கிட்டத்தட்ட எடையின்மை, இங்கே முழு ஈர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் மனிதர் மிக நீண்ட நேரம் இருந்தது 1972-ல், அப்பலோ 17 நிலவில் தங்கிய மூன்று நாட்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எப்படி வளரும் என்று எவர் சொன்னாலும் அது ஊகம்தான்.

முறிகண்டியான்:

நன்றி ரீச்சர். நான் நாலு பந்தி எழுதியும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

வவுனிக்குளத்தாள்:

நான் குடும்பநல உத்தியோகத்தர். வளருகிறதையும் பரம்பரையையும் பற்றிக் கதைக்கிறீர்கள், பிரசவத்தை ஒருவரும் தொடவில்லை. பிள்ளை தங்குமா என்று கேட்டால் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

விண்வெளியில் இதுவரை மனிதக் கரு உண்டானதில்லை. 1994-ல் மெடாக்கா என்ற சின்ன மீன் அங்கே இனப்பெருக்கம் செய்து குஞ்சும் பொரித்தது. பிறகு யப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருக்களை விண்வெளி நிலையத்தில் வளர்த்தார்கள், அவை முதல் சில நாள் கட்டத்தைத் தாண்டின. கருப்பைக்குள் வைத்து வளர்த்ததல்ல, வெளியே வளர்த்தது. மீனிலிருந்து பெண்ணுக்கு வர இன்னும் எத்தனை படி இருக்கிறது என்று யோசியுங்கள்.

குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு பிரசவத்தைத் தாங்குமா? தசை போதிய பலத்தோடு தள்ளுமா? தாங்காவிட்டால் எல்லாருக்கும் சிசேரியன் செய்வார்கள். செய்யட்டும், தாயும் பிள்ளையும் தப்பினால் போதும். ஆனால் சில தலைமுறை அப்படிப் போனால், இடுப்பு ஒடுங்கிய பெண்ணும் தலை பெரிய பிள்ளையும் தப்புவதற்கு இருந்த தடை அங்கே இல்லாமல் போகும். பிறகு சத்திரசிகிச்சை அறை இல்லாமல் அந்தச் சனம் வாழ முடியாத நிலை வரலாம். அண்ணை கேட்ட கூர்ப்பு இங்கேயும் இருக்கிறது, சாவு குறைந்ததால் வருகிற கூர்ப்பு.

கதிர்வீச்சையும் சொல்ல வேண்டும். பெண் சிசுவின் முட்டைக் கலங்கள் முழுவதும் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடும். ஐந்தாம் மாதமளவில் அறுபது, எழுபது இலட்சம் இருக்கும், பிறக்கும்போது பத்து இருபது இலட்சமாகக் குறைந்திருக்கும். ஒரு கர்ப்பிணி மீது படுகிற கதிர், அவள் மீதும் மகள் மீதும், அந்த மகளுக்குப் பிறகு பிறக்கப்போகிற பிள்ளையின் முட்டை மீதும் ஒன்றாகப் படுகிறது.

ரொறன்ரோ பாலைப்பழம்:

அக்கா எழுதியதை வாசித்து நெடுநேரம் யோசித்தேன். கதிர்வீச்சின் கணக்கை நான் தருகிறேன். கியூரியோசிற்றி ஊர்தி செவ்வாய் நிலத்தில் அளந்தது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.67 மில்லிசீவேட். புவியில் இயற்கையாகப் படுவது சராசரியாக வருடத்துக்கே 2.4 தான். அதாவது செவ்வாயில் நான்கு நாள் வெளியே நின்றால் இங்கே ஒரு வருடம். அதனால்தான் மண்ணுக்குள் வீடு கட்டச் சொல்கிறார்கள்.

ஆனால் கதிர் கூடினால் விகாரம் (பரம்பரையலகில் வரும் மாற்றம்) கூடும், விகாரம் கூடினால் கூர்ப்பு வேகமாகும் என்று நினைப்பதில் அவசரம் இருக்கிறது. சாதாரணமாகவே ஒவ்வொரு பிள்ளையும் அறுபது எழுபது புது விகாரங்களோடுதான் பிறக்கிறது, தகப்பனின் வயது கூடக் கூட அதுவும் கூடும். செர்னோபில் விபத்தில் கதிர் பட்ட பெற்றோருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். புது விகாரங்கள் வழக்கத்தை விடக் கூடியதாகத் தெரியவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களின் பிள்ளைகளிடமும் பரம்பரைப் பாதிப்புத் தெளிவாகக் காணப்படவில்லை. பட்டவர்களுக்குப் புற்றுநோய் வந்தது, அது வேறு. செவ்வாயில் தலைமுறை தலைமுறையாக, வயிற்றுப் பிள்ளை உட்பட, ஓயாமல் படும். அதற்கு ஒப்பான அனுபவம் எங்களிடம் இல்லை.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகத் தெரிவது, யார் போவார்கள் என்பது. பத்து மூட்டை நெல்லிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் விதைத்தால், அந்தப் பிடிக்குள் எந்த நெல் இருந்ததோ அதுதான் பிறகு அந்த வயல் முழுக்க. பசிபிக்கில் பிங்கலாப் என்று ஒரு சின்னத் தீவு. 1775 அளவில் ஒரு சூறாவளிக்குப் பிறகு இருபது பேர் அளவில்தான் தப்பினார்கள். அவர்களில் ஒருவரிடம் நிறம் தெரியாமல் செய்யும் பரம்பரையலகு இருந்தது. இன்று அந்தச் சனத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகத்தான் பார்க்கிறார்கள், வெயிலில் கண் கூசுகிறது. அந்தக் குறைபாட்டால் ஒருவருக்கும் நன்மை கிடையாது, தேர்வும் அதைக் கொண்டுவரவில்லை. தப்பியவர்களுக்குள் அது இருந்தது, அதனால் நின்றது.

முறிகண்டியான் அண்ணை, சாவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்கிறீர்கள். முதல் ஆயிரம் வருடத்துக்கு, அதாவது நாற்பது தலைமுறைக்கு, கப்பலில் ஏறியவர் பட்டியல்தான் கூடுதலாகத் தீர்மானிக்கும் என்பது என் நிலைப்பாடு.

ஒட்டுசுட்டான் தம்பி:

எத்தனை பேர் போனால் போதும் அண்ணா?

ரொறன்ரோ பாலைப்பழம்:

எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது தம்பி. 2020-ல் வெளியான ஒரு கணக்கு, செவ்வாயில் வேலைகளைப் பகிர்ந்து உயிர் பிழைக்க 110 பேர் போதும் என்றது. அது உழைப்பின் கணக்கு. தலைமுறைகள் தாண்டிப் பரம்பரை வளம் குன்றாமல் இருக்க வேண்டும் என்று பார்த்த இன்னொரு கணக்கு, நெடும் விண்பயணத்துக்கு 10,000-க்குக் குறையக் கூடாது என்றது.

110 பேரில் தொடங்கினால் நாலாம் தலைமுறையில் கலியாணம் பேசப் போகிற இடமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். மச்சான் மச்சாள் கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஊரில் ஒரு சோடி அப்படிக் கட்டினால் அடுத்த சோடி வெளியே கட்டும். அங்கே வெளி என்று ஒன்று இல்லை.

மல்லாவி ரீச்சர்:

'முதல் ஆயிரம் வருடத்துக்கு' என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் வேகமான தேர்வும் நடந்திருக்கிறது. திபெத்தியர் நாலாயிரம் மீற்றர் உயரத்தில் மூச்சு முட்டாமல் வாழ்வதற்கு உதவும் ஒரு பரம்பரையலகு வடிவம், டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தோடு கலந்ததால் வந்தது. தென்கிழக்காசியக் கடலில் சுழியோடி வாழும் பஜாவ் சனத்துக்கு, பக்கத்துக் கரைச் சனத்தை விட, மூச்சடக்க உதவும் மண்ணீரல் ஏறத்தாழ 50 வீதம் பெரிது. சுழியோடாத பஜாவ் ஆட்களுக்கும் அப்படித்தான், ஆகவே அது பயிற்சியால் வந்ததல்ல.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, சனம் வெறும் உடம்போடு அந்தச் சூழலுக்குள் இறங்கியது. திபெத்தியர் மலைக் காற்றைச் சுவாசித்தார்கள். செவ்வாயில் எவரும் செவ்வாய்க் காற்றைச் சுவாசிக்கப்போவதில்லை. அங்குள்ள அமுக்கம் எங்களுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 95 வீதம் காபனீரொட்சைட்டு. முகமூடி கழன்றால் நிமிடக் கணக்கில் சாவு, அதிலிருந்து தப்புகிற பரம்பரையலகு எவரிடமும் கிடையாது. ஆகவே செவ்வாய் மனிதரின் நுரையீரல் செவ்வாய்க்குப் பொருந்தாது, அவர்கள் வாழும் கூட்டுக்குள் பொறியியலாளர் எந்த ஒட்சிசன் அளவை வைக்கிறாரோ அதற்குத்தான் பொருந்தும். செலவு குறையட்டும் என்று அமுக்கத்தைக் குறைத்து வைத்தால், அதைத் தாங்காத கர்ப்பங்கள் கலையும். அந்தத் தேர்வுக்கு இயற்கை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது.

ஈர்ப்பை மட்டும் கூட்டுக்குள் மாற்ற முடியாது. மண்ணில் பேர்குளோரேற்று உப்பு இருப்பதை 2008-ல் பீனிக்ஸ் விண்கலம் கண்டது. அது தைரொய்டுக்கு அயடீன் போவதைத் தடுக்கும். கழுவிப் பயிர்செய்யலாம், ஆனால் தூசு உள்ளே வந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் உணவிலும் தண்ணீரிலும் ஏதாவது மெல்லச் சேர்கிறதோ என்ற பயத்தை, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோயைக் கண்ட எங்கள் உலர்வலயக் கிராமங்கள் அறியும்.

முறிகண்டியான்:

பாலைப்பழம் தம்பி, உங்கள் நிலைப்பாட்டை மறுக்கவில்லை. ஆனால் யார் ஏறுவது என்று தீர்மானிப்பதும் ஒரு தேர்வு. எங்கள் குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுக்கும்போது நிலமில்லாத குடும்பம் என்று பார்த்தார்கள், பிறகு படித்த வாலிபர் திட்டத்தில் படிப்பைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கு இரத்தத்தையும் பரம்பரையலகையும் பார்ப்பார்கள். தலசீமியாப் பரம்பரையலகு ஒரு பக்கத்திலிருந்து வந்தவரைக்கூட ஏற்றமாட்டார்கள் என்று நினைக்கிறேன். மலேரியா இல்லாத கோளில் அதனால் நட்டமில்லை என்பார்கள். அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து அனுப்புகிற சனத்திடம், நாளைக்கு எதிர்பாராத ஒன்று வரும்போது தாங்குவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நோய்க்கிருமி விசயமும் இதுதான். 1846-ல் பரோ தீவுகளுக்குச் சின்னமுத்து (தட்டம்மை) வந்தபோது, அங்கே இருந்த ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அறுபத்தைந்து வருடமாக அந்தத் தீவுகளில் அந்த நோய் இருக்கவில்லை. முன்பு வந்து தப்பிய கிழவர்களுக்கு மட்டும் வரவில்லை. 1875-ல் பீஜியில் அதே நோய் சனத்தில் கால்வாசிக்கு மேல் கொன்றது. செவ்வாய்க்குச் சுத்தம் பார்த்து அனுப்புவார்கள். நூறு வருடம் கழித்துப் புவியிலிருந்து ஒரு சொந்தக்காரன் தடிமன், சளியோடு போய் இறங்கினால்?

வவுனிக்குளத்தாள்:

கொள்ளுப்பேத்தியைப் பார்க்கப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ரீச்சர் சொன்ன இரண்டு கேள்விக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் முற்றுகையால் பட்டினி. அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு, நடுவயதில் நீரிழிவும் உடற்பருமனும் மற்றவர்களை விடக் கூடுதலாக வந்தன. பரம்பரையலகின் எழுத்து மாறவில்லை, அது வேலை செய்யும் விதம் மாறியிருந்தது. 2009-ல் இங்கே வயிற்றில் பிள்ளையோடு நடந்தவர்களை நான் பராமரித்திருக்கிறேன். வன்னியில் இதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. செவ்வாய்க்கு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் கப்பல் புறப்பட வசதி வரும். ஒரு கப்பல் தவறினால் பங்கீடு குறையும். அந்தப் பட்டினி அந்த வருடத்துப் பிள்ளைகளின் உடம்பில் அறுபது வருடம் இருக்கும்.

ஒட்டுசுட்டான் தம்பி:

இவ்வளவு சிக்கலென்றால் பரம்பரையலகையே திருத்தி அனுப்பலாமே? நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கு கதிரைத் தாங்கும். அதன் ஒரு புரதத்தை மனிதக் கலத்துக்குள் உண்டாக்கியபோது எக்ஸ் கதிர்ப் பாதிப்பு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது என்று 2016-ல் கண்டிருக்கிறார்கள். சாவால் வருகிற தேர்வை விட இது மேல் இல்லையா?

வவுனிக்குளத்தாள்:

அது கிண்ணத்தில் வளர்த்த கலம் தம்பி. 2018-ல் சீனாவில் ஒரு ஆய்வாளர் இரட்டைப் பெண்குழந்தைகளின் பரம்பரையலகைக் கருவிலேயே திருத்திப் பிறக்க வைத்தார். உலகமே கண்டித்தது, அவர் சிறைக்கும் போனார். திருத்தம் அவர் நினைத்தபடி அமையவில்லை. திரும்பி மாற்ற வழியில்லை, அது அந்தப் பிள்ளைகளோடும் நிற்காது. உங்கள் கேள்வி நியாயமானது, பிள்ளை சாவதை விட எதுவும் மேல்தான். ஆனால் பிள்ளை செத்தாக வேண்டும் என்ற இடத்துக்கு அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, காப்பாற்றுகிறேன் என்று திருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மல்லாவி ரீச்சர்:

தனி இனமாகப் பிரிவார்களா என்று எவரும் கேட்கவில்லை, நானே எழுதிவிடுகிறேன். நியண்டதால் என்ற அழிந்துபோன மனித இனமும் எங்கள் முன்னோரும் ஐந்து இலட்சம் வருடமளவு பிரிந்திருந்தும் சந்தித்தபோது பிள்ளை பெற்றார்கள். இன்று ஆபிரிக்காவுக்கு வெளியே வேர் கொண்ட எல்லாரிடமும் அதன் பங்கு ஒன்று இரண்டு வீதம் இருக்கிறது. சனத்தொகை மரபியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு தலைமுறைக்கு ஒரேயொருவர் வந்து கலந்தாலே இரண்டு கூட்டங்கள் தற்செயலால் வெகுதூரம் விலகாது. கப்பல் ஓடும்வரை செவ்வாயர் எங்கள் ஆட்கள்தான். கப்பல் நின்றால்தான், அதுவும் பல இலட்சம் வருடம் நின்றால்தான், வேறு கதை.

முறிகண்டியான்:

இரத்தத்தால் எங்கள் ஆட்களாக இருந்தும், இங்கே வந்து எழுந்து நிற்க முடியாதவர்களாக இருக்கலாம் ரீச்சர். 38 வீதத்தில் வளர்ந்த இதயத்துக்கும் காலுக்கும் புவியில் எடை இரண்டரை மடங்குக்கு மேல். போவதா என்று முடிவெடுத்தவர் பெற்றோர், திரும்ப முடியாதவர் பிள்ளை. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. காடு வெட்ட வந்த எங்கள் பாட்டன்மாருக்குக் காய்ச்சல் தாங்காவிட்டால் பஸ் ஏறித் திரும்புகிற வழியாவது இருந்தது.

வவுனிக்குளத்தாள்:

அப்படியானால் கேட்க வேண்டியதைக் கேட்போம். புவியைச் சுற்றும் பாதையில் சுழலும் கூடு ஒன்றைக் கட்டினால், சுழலும் வேகத்தால் 38 வீத ஈர்ப்பை உண்டாக்கலாம். அதற்குள் எலியை வைத்து, பிறகு குரங்கை வைத்து, தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை பார்க்கட்டும். கரு தங்குகிறதா, குட்டி நடக்கிறதா, கீழே கொண்டுவந்தால் நிற்கிறதா என்று எழுதட்டும். அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும், அதற்குப் பிறகு கர்ப்பிணிகளை அனுப்புவது பற்றிக் கதைக்கலாம்.

ஒட்டுசுட்டான் தம்பி:

குரங்குக்கு மூன்று தலைமுறை என்றால் பதினைந்து வருடம் வரை போகுமே அக்கா.

வவுனிக்குளத்தாள்:

போகட்டும்.